புலிக்கு முன்னால் மானைப் பிடித்த கேமரா

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மகன் ஒரு வீடியோ அனுப்பினான். இரவு நேரம், கொம்புள்ள ஆண் மான் ஒன்று முன்னங்காலால் தரையைச் சுரண்டுகிறது, பிறகு தலைக்கு மேலே தொங்கும் கிளையை வாயால் கவ்வி, முகத்தை அதில் தேய்க்கிறது. மரத்தில் கட்டிவைத்த தானியங்கி கேமரா எடுத்ததாம். இந்தக் கேமராவை முதலில் யார் கொண்டுவந்தார்கள்? நம் பன்னேர்கட்டா மான்களும் இப்படிச் செய்யுமா?
(ஒரு வாசகர், பனசங்கரி, பெங்களூரு)

பதில்: உங்கள் மகன் அனுப்பியது வெள்ளைவால் மானின் படமாகத்தான் இருக்கும். தானியங்கி கேமராவின் கதை தொடங்குவதும் அதே மானிடம்தான்.

ஜார்ஜ் ஷைரஸ் என்ற அமெரிக்க வழக்கறிஞர் மிஷிகன் மாநிலத்தின் வடபகுதியில், வைட்ஃபிஷ் ஏரியில் மான் வேட்டையாடி வந்தார். ஒஜிப்வே பழங்குடியினரின் முறை அது. படகின் முனையில் நெருப்பை எரியவிட்டு, இருட்டில் சத்தமில்லாமல் துடுப்புப் போட வேண்டும். கரையோரம் நிற்கும் மான் வெளிச்சத்தைப் பார்த்து அசையாமல் நின்றுவிடும். மின்னும் இரண்டு கண்களுக்கு நடுவே சுடுவார்கள். ஷைரஸ் துப்பாக்கி இருந்த இடத்தில் கேமராவை வைத்தார். கூடவே மக்னீசியப் பொடி பற்றி ஒளிவிடும் விளக்கு. அடுத்து, ஆளே வேண்டாம் என்று விலங்கு நடக்கும் தடத்தில் கயிற்றைக் கட்டினார். கயிறு இழுபட்டால் விளக்கு வெடித்து, படம் விழும். இதெல்லாம் 1890-களில். 1906 ஜூலையில் நேஷனல் ஜியாகிரஃபிக் இதழ் அவருடைய 74 படங்களை ஒரே இதழில் வெளியிட்டது. ஓடும் குதிரையை நூல் கட்டிப் படமெடுத்த மைபிரிட்ஜ் 1878-லேயே வந்துவிட்டார்தான்; ஆனால் அது பந்தயத் தடத்தில், பகலில், ஆட்கள் சூழ நடந்தது. காட்டு விலங்கு தன் இடத்தில், தன் நேரத்தில் தன்னையே படமெடுத்துக்கொள்ளச் செய்தவர் என்ற பெருமை ஷைரஸுக்கே உரியது.

இந்தியாவில் அதைச் செய்தவர் எஃப். டபிள்யூ. சாம்பியன். ஐக்கிய மாகாணத்தில் வன அதிகாரி. காட்டுப்பாதையில் கம்பி கட்டி இரவில் புலிகளைப் படமெடுத்து, 1927-இல் புத்தகமாகக் கொண்டுவந்தார். புலியைச் சுட்டு அதன்மேல் கால்வைத்து நின்று படம் எடுத்துக்கொள்வது பெருமையாக இருந்த காலம் அது. அந்தக் காலத்தில் உயிருள்ள புலியின் படத்துக்காக ஒரு வன அதிகாரி இரவெல்லாம் மெனக்கெட்டார் என்பதை நினைத்தால் எனக்கு அவர்மேல் மிகுந்த மரியாதை வருகிறது.

மூன்றாவது பெயர் உங்கள் ஊர்க்காரருடையது. உல்லாஸ் காரந்த், கன்னட எழுத்தாளர் சிவராம காரந்தரின் மகன், பொறியியல் படித்தவர். பெங்களூரில் இயங்கும் வனவிலங்கு ஆய்வு மையத்தை 1984-இல் தொடங்கினார். அப்போது புலிகளைக் கால்தடத்தை வைத்து எண்ணிவந்தார்கள். அவர் நாகரஹொளேயில் கேமராக்களை வைத்து, வரிகளைப் பார்த்துப் புலிகளைத் தனித்தனியாக அடையாளம் கண்டு கணக்கிட்டார். அந்த ஆய்வுக் கட்டுரை 1995-இல் வந்தது. புலியின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் ஒன்றல்ல. அதனால்தான் பாதையின் இரு பக்கமும் எதிரெதிரே இரண்டு கேமரா வைக்கிறார்கள். 2018 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 26,838 இடங்களில் கேமரா வைத்து, சுமார் 3.49 கோடிப் படங்கள் எடுத்தார்கள். அவற்றில் புலிப் படங்கள் 76,651 மட்டுமே.

இனி உங்கள் மான். வெள்ளைவால் மானுக்கு இலையுதிர் காலம்தான் இணைசேரும் பருவம். பகல் குறுகக் குறுக ஆணின் உடம்பில் சுரப்பு ஏறும். கருக்காலம் சுமார் 200 நாள். பனி போய்ப் புல் முளைத்த பிறகு குட்டி பிறக்க வேண்டுமென்றால் சில வாரங்களுக்குள் கூடியாக வேண்டும். அந்த அவசரத்தில் ஆண் செய்வதைத்தான் நீங்கள் பார்த்தீர்கள். கிளையில் நெற்றியையும் கண்ணோரச் சுரப்பியையும் தேய்த்து, எச்சில் வைத்து, கீழே மண்ணைச் சுரண்டி, பின்னங்கால்களின் உட்புற மயிர்க்கற்றைகள் வழியாக வழியும்படி சிறுநீர் விடும். அந்த இடம் ஒரே ஆணின் சொத்து என்று நெடுங்காலம் நம்பினார்கள். கேமரா அதை மாற்றியது. ஊர்ச் சாவடிச் சுவரில் ஆளுக்காள் சேதி எழுதுவது போல, ஒரே குழிக்குப் பல ஆண்கள் வருகின்றன. பெண்களும் வந்து முகர்கின்றன. பெரும்பாலும் இரவில்தான். ஆள் உட்கார்ந்து பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது.

பன்னேர்கட்டாவில் புள்ளிமானும் உண்டு, கடமானும் உண்டு. உங்கள் வீடியோவுக்கு நெருங்கி வருவது கடமான். ஆண் கடமான் பின்னங்கால்களில் எழுந்து நின்று, உயரக் கிளையில் கொம்பையும் முகத்தையும் தேய்க்கும். அடியில் மண்ணை மிதித்துக் கிளறும். தன் சிறுநீர் கலந்த சேற்றில் புரளும். புள்ளிமான் ஆணும் எழுந்து நின்று கிளையைத் தொடும். ஆனால் அதற்கு வெள்ளைவால் மானின் அவசரம் இல்லை. நம் நாட்டில் ஆண்டு முழுவதும் குட்டி பிறக்கிறது. ஒரே மந்தையில் ஒரு ஆணின் கொம்பு முற்றிக் கூராக இருக்கும், பக்கத்தில் நிற்பதன் கொம்பில் இன்னும் மென்தோல் மூடியிருக்கும். அமெரிக்காவின் வெள்ளைவால் மான்களிடம் நவம்பரில் இந்தக் காட்சியைப் பார்க்க முடியாது.

எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. மானுக்காகப் பிறந்த கருவியை நாம் புலிக்கும் சிறுத்தைக்கும் என்றே எழுதிவைத்துவிட்டோம். படத்தில் மான் வந்தால் அடுத்ததற்குத் தள்ளிவிடுகிறோம். புலியின் இரையே அதுதான். அது எப்போது கூடுகிறது, எங்கே சேதி வைக்கிறது என்பதைப் பார்ப்பது புலியைப் பார்ப்பதற்குக் குறைந்த வேலை அல்ல.

கேள்வி: கனகபுரா சாலையில் எங்கள் தோட்டத்துக்குக் கடமான் வருகிறது. நானே கேமரா கட்டலாமா?
(ஒரு வாசகி, ஜெயநகர், பெங்களூரு)

பதில்: உங்கள் பட்டா நிலத்துக்குள் கட்டலாம். வேலிக்கு அப்பால் வனமென்றால் வனத்துறை அனுமதியில்லாமல் கட்டக் கூடாது, உள்ளே போகவும் கூடாது. இன்றைய கேமரா, உடற்சூடு நகர்வதை உணர்ந்து இயங்குகிறது. அதனால் வெயிலில் சூடேறிய புல் அசைந்தாலும் படம் விழும். எதிரே இருக்கும் புல்லை முதலில் வெட்டிவிடுங்கள். கிழக்கையோ மேற்கையோ பார்த்து வைக்காதீர்கள், சூரியன் நேரே விழும். இடுப்புயரம் போதும். ஒடிந்து தொங்கும் கிளையும் அடியில் கிளறிய மண்ணும் உள்ள இடமாகத் தேடுங்கள். புகைப்படத்தை விட வீடியோ நல்லது. கிளையை முகர்ந்த பிறகு மான் என்ன செய்கிறது என்பது ஒற்றைப் படத்தில் வராது. தோட்டத்தில் வேலை செய்பவர்களிடம் கேமரா இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடமான் வரும் நேரத்தையும் இடத்தையும் வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்ப வேண்டாம்.