வெற்றிடம் சுழியம் அன்று

நுழையுமுன்

பிழைப்பிற்காக ஊர்விட்டு வந்து வாழும் குடும்பங்களில், மின்கட்டணச் சீட்டைப் படித்துச் சொல்லும் பொறுப்பு பல நேரங்களில் பிள்ளைகளிடமே வந்து சேர்கிறது. சீட்டு மலையாளத்தில் இருக்கும். பெற்றோர் தமிழில் கேட்பர். அச்சீட்டிலுள்ள எண் எங்கிருந்து வருகிறது? வரும் வழியில் அதற்கு என்ன நேரலாம்? இப்பாடம் அதனை விளக்குகிறது.

தராசும் ஏடும்

கொச்சி மட்டாஞ்சேரியின் கடைத்தெருவில் மிளகும் சுக்கும் ஏலமும் நெடுங்காலமாக நிறுக்கப்பட்டு வருகின்றன. தராசு பொய்க்காமல் இருந்தால் மட்டும் போதாது. நிறுத்த எடை கணக்கேட்டில் மாறாமல் ஏறவும் வேண்டும். தராசு சரியாக இருந்தும் ஏடு பிழைத்தால், விற்றவரோ வாங்கியவரோ இழப்பிற்கு ஆளாவார். மின்சாரத்திற்கும் இதுவே நீதி. வீட்டுச் சுவரிலுள்ள மின்மானி தராசு; மின்வாரியக் கணினியில் சேரும் தரவு ஏடு.

ஆள் வந்து குறித்த முறை

கேரள மாநில மின்சார வாரியம் 1957ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. தமிழ்நாட்டின் மின்சார வாரியமும் அதே ஆண்டில் தோன்றியது. இரு மாநிலங்களிலும் வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுப்பது வழக்கமாயிற்று. தமிழ்நாட்டில் கணக்கெடுப்பாளர் வீட்டிலிருக்கும் வெள்ளை அட்டையில் எண்ணைக் குறித்துச் செல்வார். கேரளத்தில் கையடக்கக் கருவியில் பதிந்து, சீட்டை அவ்விடத்திலேயே அச்சிட்டுத் தருவார்.

வீடு பூட்டியிருந்தால் அவர் என்ன செய்வார்? மின்மானியில் சுழியம் இருந்தது என்று எழுதமாட்டார்; ‘கதவு பூட்டப்பட்டுள்ளது’ என்றே குறிப்பார். அறியாததை அறியாதது என்று எழுதுவது கணக்கியலின் முதல் ஒழுக்கம்.

தானே செய்தி அனுப்பும் மின்மானி

ஸ்மார்ட் மீட்டர் எனப்படும் திறன் மின்மானியிடம் ஆள் செல்ல வேண்டியதில்லை. அதுவே தன் எண்ணை அனுப்பிவிடும். இந்தியாவில் இத்தகைய 25 கோடி மின்மானிகளைப் பொருத்தும் இலக்குடன் நடுவண் அரசு 2021ஆம் ஆண்டு ஒரு திட்டத்தை வகுத்தது. கேரள வாரியமும் முதற்கட்டமாக ஏறத்தாழ 3 இலட்சம் மின்மானிகளைப் பொருத்தத் திட்டமிட்டது.

திறன் மின்மானி 15 நிமிடங்களுக்கு ஒருமுறை பயன்பாட்டைப் பதிகிறது. ஒரு நாளைக்கு 96 பதிவுகள்; 60 நாளைக்கு 5,760 பதிவுகள். முன்பு இரு மாதத்திற்கு ஓர் எண் வந்த இடத்தில் இன்று இத்தனை எண்கள் வருகின்றன. அவை கைப்பேசி அலைவரிசை வழியாகவோ, மின்மானிக்கு மின்மானி கைமாற்றும் வானொலி அலை வழியாகவோ தலைமைக் கணினியை அடைகின்றன. அங்கிருந்து தரவு மேலாண்மைப் பிரிவிற்கும், பின்னர் கட்டணப் பிரிவிற்கும் செல்கின்றன. இந்நெடும்பயணத்தில் சில எண்கள் வந்து சேராமற்போவது இயல்பு. மழையால் இணைப்பு அறுபடலாம். உயர்ந்த கட்டடம் அலையை மறைக்கலாம்.

ஒரு வீட்டின் கணக்கு

மட்டாஞ்சேரிக்கு அருகே, ஃபோர்ட் கொச்சியில் வெளி என்னும் இடத்தில் ஒரு தோபிகானா உண்டு. தமிழ் மரபினர் அங்குத் தலைமுறைகளாகத் துணி வெளுத்து வருகின்றனர். அப்பகுதியில் கூலிக்குத் துணி தேய்த்துக் கொடுக்கும் குடும்பம் ஒன்றைக் கற்பனை செய்வோம். 1,000 வாட் இஸ்திரிப்பெட்டி இடைவிடாது ஒரு மணி நேரம் இயங்கினால் 1 யூனிட் செலவாகும். அவ்வீட்டு மின்மானி இரவுதோறும் காட்டிய எண்கள் இவை:

திங்கள்: 4210
செவ்வாய்: 4214
புதன்: செய்தி வரவில்லை
வியாழன்: 4223

புதன்கிழமைக்கு நேரே கணினி 0 என்று எழுதிக்கொண்டால் என்ன ஆகும்? வியாழக்கிழமைப் பயன்பாடு 4223 யூனிட் என்று வரும்! இப்பிழை பெரிது, ஆதலால் எவர் கண்ணுக்கும் எளிதில் படும். மற்றொரு பிழை நுட்பமானது. ‘புதன்கிழமைப் பயன்பாடு 0’ என்று கணினி எழுதிவிட்டால், அவ்வீடு அன்று இருண்டு கிடந்ததாக ஏடு கூறும். மின்மானியில் எவரேனும் கைவைத்தாரோ என்ற ஐயமும் எழலாம். உண்மையில், அன்று இரவு அவ்வீட்டுத் தாய் விழித்திருந்து பிறர் துணிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவருடைய உழைப்பும் நேர்மையும் ஒரு தவறான சுழியத்தால் மறைந்துவிடுகின்றன.

சரியான முறை யாது? செவ்வாய் இரவு முதல் வியாழன் இரவு வரை ஆன செலவு 4223 − 4214 = 9 யூனிட். இது உறுதி. புதனுக்கு மட்டும் எவ்வளவு என்பது உறுதியன்று. நாளொன்றுக்கு 4.5 யூனிட் எனக் கொள்ளலாம்; ஆயின், அதனருகே ‘மதிப்பீடு’ என்னும் குறி இருத்தல் வேண்டும். மின்மானி தன் நினைவகத்தில் பல நாள் அளவுகளைச் சேமித்து வைத்திருக்கும். இணைப்பு மீண்டதும் உண்மை அளவைப் பெற்று மதிப்பீட்டை மாற்றலாம்.

மூன்று கடமைகள்

தரவு மேலாண்மைப் பிரிவின் பணிகள் மூன்று: சரிபார்த்தல், மதிப்பிடல், திருத்தல்.

சரிபார்க்கும்போது, எண் பின்னோக்கிச் செல்கிறதா எனக் காண்பர். பின்னோக்கிச் செல்வதெல்லாம் பிழையும் அன்று. பழைய மின்மானி கடந்த முறை 8600 காட்டியது. 8650இல் அது கழற்றப்பட்டது. 0இல் தொடங்கிய புதியது இப்போது 70 காட்டுகிறது எனக் கொள்வோம். பயன்பாடு 50 + 70 = 120 யூனிட்.

ஒரு தெருவின் மின்மாற்றியிலும் மின்மானி உண்டு. அதன் அளவோடு அத்தெருவின் வீடுகள் அனைத்தின் கூட்டுத்தொகையை ஒப்பிடுவர். வேறுபாடு மிகுந்தால் மின்னிழப்போ திருட்டோ இருக்கலாம். ஒரு வீடு வேறு தெருவின் கணக்கில் தவறாகச் சேர்ந்திருக்கவும் கூடும்.

திருத்தும்போது முதலில் வந்த எண்ணை அழித்தல் கூடாது. யார், எப்போது, ஏன் திருத்தினார் என்பது பதிவில் நிற்கவேண்டும். அப்போதுதான் முறையீடு செய்வோருக்குச் சான்றுடன் விடை கூற இயலும்.

கேரளத்தில் மாதப் பயன்பாடு 250 யூனிட்டைக் கடந்தால், முதல் யூனிட்டிலிருந்து முழுப் பயன்பாட்டிற்கும் உயர்ந்த விகிதத்தில் கட்டணம் கணக்கிடப்படும். எல்லையருகே நிற்கும் குடும்பத்திற்கு ஒரு சிறு பிழையும் பெருஞ்செலவாகும்.

காக்க வேண்டிய செய்தி

15 நிமிடப் பதிவுகள் ஒரு வீட்டார் எப்போது எழுகின்றனர், எப்போது வெளியூர் செல்கின்றனர் என்பதையும் காட்டிவிடும். தனிமறைவு அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டு தனிநபர் மின்தரவுப் பாதுகாப்பிற்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஆதலால், இவ்வேட்டைத் திறப்பதற்கு உரியவர் மட்டுமே திறத்தல் வேண்டும்.

அடுத்த முறை சீட்டு வரும்போது முந்தைய எண், இப்போதைய எண், இரண்டின் வேறுபாடு ஆகிய மூன்றையும் பெற்றோருக்குப் படித்துக் காட்டுக. எண் மதிப்பீடாயின் அதனையும் சொல்லுக. ஐயம் எழுந்தால் அலுவலகத்தில் கேட்பது நம் உரிமை.

சொற்பொருள்

மின்மானி – மின்பயன்பாட்டை அளக்கும் கருவி
சுழியம் – பூச்சியம்
மதிப்பீடு – கணித்துக் கூறிய அளவு
தனிமறைவு – பிறர் தலையிடாத தனிவாழ்வு

மொழியை அறிவோம்

‘அன்று’ ஒருமைக்கும் ‘அல்ல’ பன்மைக்கும் உரியவை.
வெற்றிடம் சுழியம் அன்று. வெற்றிடங்கள் சுழியங்கள் அல்ல.
‘இல்லை’ என்பது இன்மையை உணர்த்தும்: புதன்கிழமைச் செய்தி இல்லை.

பயிற்சி

1. கோடிட்ட இடங்களை நிரப்புக.
அ) இவ்வெண் உண்மை அளவு ______, மதிப்பீடு. (அன்று / அல்ல)
ஆ) இவை என் வீட்டு எண்கள் ______. (அன்று / அல்ல)

2. ஐந்து இலக்க மின்மானி 99999ஐ அடுத்து 00000 காட்டும். சென்ற வாரம் 99998, இவ்வாரம் 00003 எனில் பயன்பாடு எத்தனை யூனிட்?

3. ‘பயன்பாடு சுழியம்’, ‘செய்தி வரவில்லை’ ஆகியவற்றின் வேறுபாட்டை உம் வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்குக.

4. உங்கள் வீட்டுச் சீட்டில் பிழை இருப்பதாகக் கொண்டு, மின்வாரிய உதவிப் பொறியாளருக்குத் தமிழில் முறையீட்டுக் கடிதம் எழுதுக; அதனைப் பெற்றோருக்குப் படித்துக் காட்டுக.