மருந்து பெருகினால் கொதிப்புத் தணியுமா?

நம் நாட்டில் வயது வந்தோரில் 10 பேருக்கு 3 பேர் இரத்தக் கொதிப்புடையவர்கள் என்று 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு கண்டது. ஈப்போவிலும் பழைய ரப்பர் தோட்டப்புறங்களிலும் கடை நடத்தும் நம்மவர் பலருக்கு அத்துடன் நீரிழிவும் மூட்டுவலியும் உண்டு. அரசாங்கக் கிளினிக்கில் வாங்கியது, தனியார் டாக்டர் கொடுத்தது, ஊரிலிருந்து வந்தது என எல்லா மாத்திரைகளும் ஒரே டப்பாவில் சேருகின்றன.

தீங்கு இங்கேதான் தொடங்குகிறது. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிக் கொதிப்பு மருந்தின் பலனைக் குறைக்கும். பெரிண்டோபிரில், நீர் பிரிக்கும் மாத்திரை ஆகிய இரண்டுடனும் அவை சேர்ந்தால் சிறுநீரகமே பழுதாகலாம். மூக்கடைப்புக்குரிய சூடோஎபிட்ரினும், அளவு மீறிய அதிமதுரமும் கொதிப்பை ஏற்றும். ஒரே அம்லோடிபினை இரு கம்பெனிப் பெயர்களில் இருமுறை விழுங்குவோரும் உண்டு.

ஆகவே, கொதிப்பு இறங்கவில்லையெனில், புது மாத்திரை கேட்குமுன் லேகியம் உட்பட அனைத்தையும் ஒரு பையிலிட்டு டாக்டரிடமோ மருந்தாளரிடமோ காட்டுவோமாக. நாமாக எதையும் நிறுத்தலாகாது. கடைச் சரக்குக்கு இருப்புக் கணக்கு வைக்கும் நாம், உடம்புக்குள் போகும் சரக்குக்கும் கணக்கு வைப்போம்.