முத்திரையில்லாத கடிதம்

வேத பாடம்: நெகேமியா 6:1-15



எருசலேமின் அலங்கம் எழும்பிவிட்டது. வாசல்களுக்குக் கதவு போடுவதுதான் பாக்கி. அந்த வேளையில் சத்துருக்கள் எடுத்த ஆயுதம் செய்தியும் கடிதமும். அவர்கள் செய்த மூன்று தந்திரங்களை வாசிக்கும்போது, இன்றைக்கு நம்ம போனில் வரும் மோசடிகளை அப்படியே பார்க்கிறேன்.

1. நயமாய் அழைப்பான் (வச. 2-4)

ஓனோ பள்ளத்தாக்குக்கு வாரும், சந்திப்போம் என்று நாலுதரம் ஆள் அனுப்பினார்கள். நெகேமியாவோ வேலையை விட்டு இறங்கவில்லை.

"கிறிஸ்துவுக்குள் பிரியமானவரே" என்று ஆரம்பித்து ஒரு ஈமெயில் வரும். சாகக்கிடக்கிற ஒரு விதவை கோடிக்கணக்கான பணத்தை உங்கள் ஊழியத்துக்கு எழுதி வைக்கிறாளாம். வக்கீல் செலவுக்கு மட்டும் நீங்கள் கொஞ்சம் அனுப்பணுமாம். நைஜீரிய குற்றவியல் சட்டத்தின் பிரிவு எண்ணைக் கொண்டு இந்த வகை மோசடிக்கு '419' என்றே பேர். ஊழியக்காரரே, வெளிநாட்டுக் காணிக்கை வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020-ல் திருத்தப்பட்ட சட்டப்படி அந்தப் பணம் டெல்லியிலுள்ள ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் வரவேண்டும். உங்கள் சொந்தக் கணக்கு எண்ணைக் கேட்கிறவன் ஓனோவுக்குத்தான் அழைக்கிறான்.

2. பொய்க் குற்றம் சாட்டுவான் (வச. 5-8)

ஐந்தாந்தரம் சன்பல்லாத்தின் வேலைக்காரன் முத்திரையில்லாத கடிதத்தோடு வந்தான். ராஜாவுக்கு விரோதமாய்க் கலகம் செய்கிறீர் என்று அதில் எழுதியிருந்தது.

இதுதான் இன்றைய 'டிஜிட்டல் அரெஸ்ட்'. உங்கள் பேரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, வாரண்ட் வந்துவிட்டது என்பான். வீடியோவில் போலீஸ் உடுப்பு தெரியும். 2024-ல் வர்த்மான் குழுமத் தலைவர் எஸ்.பி. ஓஸ்வாலுக்கு உச்சநீதிமன்ற விசாரணை போலவே ஒரு நாடகத்தை வீடியோவில் காட்டி 7 கோடி ரூபாய் பறித்தார்கள். பெரிய தொழிலதிபருக்கே இந்த நிலை என்றால் நாம் எம்மாத்திரம்? அவர் புகார் கொடுத்ததால் 5 கோடிக்கு மேல் மீட்கப்பட்டது. நம் நாட்டுச் சட்டத்தில் 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று ஒன்று கிடையாது. 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே இதை வானொலியில் அறிவித்தார். போலீசோ, சி.பி.ஐ.யோ, சுங்கத்துறையோ வீடியோ காலில் யாரையும் கைதுசெய்வதில்லை, பணமும் கேட்பதில்லை.

3. அறைக்குள் அடைப்பான் (வச. 10-13)

கூலி வாங்கின செமாயா, இரவில் உம்மைக் கொல்ல வருகிறார்கள், ஆலயத்துக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள்வோம் என்றான். பயமுறுத்தி, தனிமைப்படுத்தி விழவைப்பதே அவன் நோக்கம். தேவன் அவனை அனுப்பவில்லை என்று நெகேமியா கண்டுகொண்டார்.

மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு தாயார், மகன் வளைகுடாவில். மூன்று மணி நேரமாய் வீடியோ காலில் அவர்களைப் பிடித்து வைத்திருந்தான். அந்த நேரம் வீட்டு ஜெபத்துக்கு அழைக்க ஒரு சகோதரி கதவைத் தட்டினாள். தாயார் திறந்துவிட்டார்கள். நிலைமையைப் பார்த்த சகோதரி போனைப் பிடுங்கி அணைத்தாள். பணம் தப்பியது. பிறகு அந்தத் தாயார் என்னிடம் நடுக்கத்தோடு சொன்னது: "வெளிய சொன்னா மோனையும் பிடிப்போம்ணு சொல்லுகான் பாஸ்டரே. அதான் ஒருத்தருட்டயும் சொல்லல்ல."

தேவ ஜனமே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவரிடமும் சொல்லாதே என்று ஒருவன் சொன்னால், உடனே யாரிடமாவது சொல்லுங்கள். அவனுடைய கட்டெல்லாம் அந்த இரகசியத்தில்தான் இருக்கிறது.

ஏமாந்தவர்களில் சிலர் வெட்கத்தால் சபைக்கே வருவதில்லை. விசுவாசம் குறைந்ததால்தான் இப்படி ஆயிற்று என்று நாம் பேசும் ஒரு வார்த்தை, சத்துரு பூட்டின கதவை வெளியிலிருந்தும் பூட்டிவிடும். அப்படிப் பேசாதீங்க. கூட உட்கார்ந்து அழுங்கள், பின்பு போனை எடுத்து உதவி செய்யுங்கள்.

நாங்கள் ஜெபம் மட்டும் பண்ணுவோம் என்று சும்மா இருக்கவும் கூடாது. நெகேமியா ஜெபமும் பண்ணினார், இரவும் பகலும் ஜாமக்காரரையும் வைத்தார் (4:9). பணம் போய்விட்டால் உடனே 1930 எண்ணுக்குப் போன் பண்ணுங்கள். தாமதிக்காமல் சொன்னால், வாங்கினவன் கணக்கிலிருந்து எடுக்குமுன்னே பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. வங்கிக்கும் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மெசேஜ்களை அழித்துவிடாதீர்கள், அவைதான் சாட்சி. ஓ.டி.பி.யை யாருக்கும் கொடுக்கவேண்டாம். யு.பி.ஐ.யில் பணம் பெற்றுக்கொள்ள பின் நம்பர் போடத் தேவையே இல்லை, கேட்டால் அது உங்கள் பணத்தை எடுக்கத்தான்.

இந்த வாரம் உங்கள் தெருவில் தனியாய் இருக்கிற ஒரு தாயாரையோ தகப்பனாரையோ போய்ப் பாருங்கள். 1930 என்று பெரிய எழுத்தில் எழ்தி, போன் பக்கத்தில் ஒட்டிக் கொடுத்து, ஜெபித்துவிட்டு வாருங்கள். நெகேமியா பயப்படாததினால் 52 நாளில் அலங்கம் முடிந்தது. உங்கள் வீட்டு அலங்கத்தையும் கர்த்தர் காப்பாராக. ஆமென்.