கிணற்று நீர்க் கணக்கில் பிழைக்குறிகள்: திருத்துவதா, மறைப்பதா?

ஆம்பூர் வட்டாரத்தில் பாலாற்றையொட்டிக் கிணறு வைத்திருப்போருக்கு நீர் ஆய்வு புதிதல்ல. தோல் கெடாமலிருக்க உப்பிட்டு வைப்பதும், பதனிடுமுன் அந்த உப்பைக் கழுவி நீக்குவதும் வழக்கம். அந்தக் கழுவுநீர் இறங்கிய இடங்களில் கிணற்று நீரில் சோடியமும் குளோரைடும் மிகுந்துவிட்டன. இது பற்றிய வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இழப்பீட்டைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைக்கவும் ஆணையிட்டது. எனவே ஆய்வு முடிவுகளைப் பதிந்து வைப்பது பயிருக்கு மட்டுமன்றி உரிமைக்கும் தேவை. இப்பதிவைப் பலர் எக்செல் விரிதாளில் வைத்துள்ளனர்.

தாளில் பி நிரலில் சோடியம், சியில் கால்சியம், டியில் மெக்னீசியம் என லிட்டருக்கு மில்லி சமான அளவில் குறித்துக்கொள்ளுங்கள். இ நிரலில் சோடியம் ஈர்ப்பு விகிதத்திற்கான சூத்திரம்:

=பி2/எஸ்கியூஆர்டி((சி2+டி2)/2)

(இங்கே தமிழில் அச்சிட்டுள்ளோம், கணினியில் ஆங்கில எழுத்திலேயே தட்ட வேண்டும். இல்லாவிடில் #நேம்? என்று வரும்.)

முதல் கிணற்றில் சோடியம் 24, கால்சியம் 6, மெக்னீசியம் 2 எனில் விகிதம் 12. இரண்டாம் கிணற்றில் 32, 5, 3 எனில் 16. மூன்றாம் கிணற்றுக்குச் சோடியம் மட்டும் குறித்து, மற்ற இரண்டையும் விட்டுவிட்டால் #டிவ்/0! என்று வரும். சுழியால் வகுக்கச் சொல்கிறீர்கள் என்பது அதன் பொருள். அடியில் போட்ட சராசரியும் அதே குறியாக மாறிவிடும்.

தாள் அசிங்கமாக இருக்கிறதென்று பலர் செய்யும் வேலை, சூத்திரத்தை இஃப்எரர் என்பதற்குள் அடைத்து, பிழை வந்தால் 0 காட்டும்படி செய்வது. இதுதான் ஆபத்து. 12, 16, 0 ஆகியவற்றின் சராசரி 9.33. விகிதம் 10க்குக் கீழிருந்தால் சோடியத் தீங்கு குறைவு என்பது வகைப்பாடு. 10 முதல் 18 வரை நடுத்தரம். உண்மைச் சராசரி 14. ஜிப்சம் இட யோசிக்க வேண்டிய நிலம், ஒரு சுழியால் நல்ல நிலமாகிவிடுகிறது! விகிதத்தை ஏறுவரிசையில் அடுக்கினாலோ, அளக்கப்படாத கிணறு முதலிடத்தில் நிற்கும். எழுத்துக்கு வெள்ளை நிறம் கொடுத்து மறைப்பதும் பயனற்றது; பிழை உள்ளேயே இருக்கும், சராசரியும் வராது.

மறைக்கத்தான் வேண்டுமானால் இவ்வாறு செய்யுங்கள்:

=இஃப்(கவுண்ட்(பி2:டி2)<3,"அளவு இல்லை",பி2/எஸ்கியூஆர்டி((சி2+டி2)/2))

மூன்று எண்களும் இருந்தால்தான் கணக்கு நடக்கும். சராசரி எழுத்தை விட்டுவிட்டு எண்களை மட்டும் எடுத்துக்கொள்ளும்; 14 கிடைக்கும். அச்சிடும்போது மட்டும் குறிகள் தெரியக் கூடாதென்றால், பக்க அமைப்பில் பிழைக் கட்டங்களை வெற்றிடமாக அச்சிடும் வசதி உண்டு.

ஏனைய குறிகளில் #வேல்யூ! என்பது பெரும்பாலும் எண்ணோடு அலகையும் சேர்த்துத் தட்டியதால் வருவது. 6 என்று மட்டும் இடுங்கள். #ரெஃப்! வந்தால் சூத்திரம் நாடும் நிரலை யாரோ நீக்கியிருப்பர். உடனே கன்ட்ரோல்-இசட் அழுத்தினால் மீளும். ##### என்பது பிழையே அன்று, நிரலை அகலமாக்கினால் போதும்.

#என்/ஏ நம் ஊர்க் கணக்கில் அடிக்கடி வருவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. புல எண் 12/3 என்று தட்டினால் எக்செல் அதைத் தேதியாக்கிவிடும். பிறகு அந்த எண்ணைத் தேடினால் கிடைக்காது. மரபணுப் பெயர்கள்கூட இப்படித் தேதியாக மாறியதால், 2020இல் சிலவற்றின் பெயரையே மாற்ற நேர்ந்தது. நாம் புல எண்ணை மாற்ற முடியாது! தட்டுமுன் அந்த நிரலை 'டெக்ஸ்ட்' என அமைத்துவிடுங்கள். முன்பே தேதியாகிவிட்டவற்றை மறுபடி தட்டத்தான் வேண்டும்.

குறியே காட்டாத பிழையும் உண்டு. எஞ்சிய சோடியம் கார்பனேட்டைக் கணக்கிட, கார்பனேட், பைகார்பனேட் கூட்டுத்தொகையிலிருந்து கால்சியம், மெக்னீசியம் கூட்டுத்தொகையைக் கழிக்கிறோம். பைகார்பனேட் கட்டம் காலியாக இருந்தால் எக்செல் முணுமுணுக்காது. விடை குறைந்து, 1.25க்குக் கீழான பாதுகாப்பான நீர் போலவே தோன்றும். இங்கும் மேற்சொன்ன கவுண்ட் சோதனையைச் சேர்த்துவிடுங்கள். எண்கள் நான்கு என்பதால் 3க்குப் பதில் 4 என இடவும்.

"அளவு இல்லை" என்று நிற்கும் கிணறுகளுக்கு மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, தூய பிளாஸ்டிக் பாட்டிலில் ஒரு லிட்டர் நீர் பிடித்து, புல எண்ணும் தேதியும் எழுதி ஒட்டி, தாமதமின்றி ஆய்வுக்கூடத்தில் சேர்க்கவும்.