வலைக்கூண்டு செய்வோம்

பச்சோந்தியைப் பிடித்து வீட்டில் வளர்க்கலாமா என்று மாணவியர் சிலர் கேட்பதுண்டு. கூடாது. பச்சோந்தி, உடும்பு, நட்சத்திர ஆமை ஆகியவற்றைப் பிடிப்பதையும் வளர்ப்பதையும் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. ஊர்வனவற்றைக் காண ஆவலுள்ளோருக்கு அடையாற்றை அடுத்தே கிண்டி பாம்புப் பண்ணை இருக்கிறது.

ஆயினும், அயல்நாடுகளில் அப்பிராணிகளுக்கென்று செய்யும் இலேசான வலைக்கூண்டை நாமும் செய்து, அதில் கறிவேப்பிலைப் புழுவை வளர்த்துப் பார்க்கலாம்.

ஓரடிச் சதுரப் பலகையின் நான்கு மூலைகளிலும் ஒன்றரை அடி மூங்கில் குச்சிகளை நிறுத்தி, மேலே குறுக்குக் குச்சிகள் கட்டுங்கள். மேற்புறமும் மூடும்படி பழைய கொசுவலையைச் சுற்றித் தையுங்கள். ஒரு பக்கம் மட்டும் தைக்காமல், துணி கிளிப்பால் மூடினால் அதுவே கதவு.

கண்ணாடிப் புட்டி ஏன் ஆகாது? நம் ஊர் வெயிலில் அதனுள் புழுக்கம் மிகுந்து இலையில் பூஞ்சணம் பிடிக்கும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்றுண்டு. கூட்டுப்புழுவிலிருந்து வெளிவரும் வண்ணத்துப்பூச்சியின் சிறகுகள் ஈரமாய்ச் சுருங்கியிருக்கும். எதையேனும் பற்றித் தொங்கினால்தான் அவை விரியும். வழுவழுப்பான கண்ணாடியில் கால் பிடிக்காது. விழுந்துவிட்டால் சிறகு கோணலாகவே உலர்ந்து, பறக்க இயலாமற் போகும். வலையில் கால் நன்றாகப் பற்றும்.

இளம் புழு பறவை எச்சம் போலிருக்கும், வளர்ந்ததும் பச்சையாகிவிடும். தொட்டால் சிவந்த கொம்பை நீட்டி நாற்றம் வீசும். (அஞ்ச வேண்டாம், கடிக்காது!) கறிவேப்பிலைக் கொத்தைத் தண்ணீர்ப் புட்டியில் வைத்து, வாயைப் பஞ்சால் அடைக்க மறவாதீர்கள்; இல்லாவிடில் புழு உள்ளே விழுந்து மூழ்கும். கடையில் வாங்கிய இலையில் பூச்சிமருந்து இருக்கலாம். வீட்டுத் தொட்டிச் செடியே உத்தமம்.

சிறகு உலர ஓரிரு மணி நேரமாகும். பிறகு கிளிப்பை எடுத்து வலையைத் திறந்துவிடுங்கள்.