கணிப்பொறிக்கும் வரிசை உண்டு

முன்னுரை

ரேஷன் கடையிலும் ரயில் நிலையத்திலும் வரிசையில் நின்று பழகியவர்கள் நாம். முதலில் வந்தவருக்கு முதலிடம் என்பது வரிசையின் பொது விதி. ஆனால் மூச்சுத் திணறும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் மருத்துவமனைக்கு ஓடி வந்தால், முன்னே நிற்போர் தாமாகவே விலகி வழி விடுகின்றனர். மனிதர் கண்டால் இரங்குவர். கணிப்பொறிக்கு இரங்கத் தெரியாது. நாம் எழுதி வைத்த விதி எதுவோ, அதன்படியே நடக்கும். ஆகவே அவ்விதியை நன்கு சிந்தித்து எழுதுவது நம் கடமையாகிறது. அதை எவ்வாறு எழுதுவது என்பதை இங்கே கற்போம்.

தொகுதிப் பணி என்றால் என்ன?

ஒருவர் எதிரில் அமர்ந்து விடைக்காகக் காத்திருக்கும் வேலை ஒரு வகை. வேலையை ஒப்படைத்துவிட்டுச் சென்று, பின்னர் வந்து விடையைப் பெற்றுக்கொள்வது மற்றொரு வகை. இரண்டாவதைத் தொகுதிப் பணி என்கிறோம். இது புதியதன்று. 1964-இல் ஐ.பி.எம். அறிவித்த சிஸ்டம் 360 கணிப்பொறிகளில், துளையிட்ட அட்டைகளைக் கட்டாக அடுக்கி, முதல் அட்டையில் ‘ஜாப்’ என்ற சொல்லைப் பதித்து வேலையைத் தொடங்கினர்.

இன்று சொந்தமாகக் கணிப்பொறி வாங்காமலே, தொலைவிலுள்ள கணிப்பொறிகளை வாடகைக்கு எடுக்கலாம். இதற்குக் ‘கிளவுட்’, அதாவது மேகம் என்று பெயர். பெயர்தான் மேகம், கணிப்பொறிகள் இருப்பதோ தரையில் எழுப்பிய பெருங்கட்டடங்களில். அமேசான் நிறுவனம் இத்தகைய நிலையங்களை மும்பையில் 2016-லும் ஹைதராபாத்தில் 2022-லும் திறந்தது. தொகுதிப் பணிகளுக்கென அது 2016 டிசம்பரில் அறிவித்த சேவை ‘ஏ.டபிள்யூ.எஸ். பேட்ச்’. அதையே நம் பாடத்திற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

நான்கு உறுப்புகள்

இச்சேவையில் நான்கு உறுப்புகள் உண்டு. செய்ய வேண்டிய வேலை ‘பணி’. அதற்கு எந்த நிரல், எவ்வளவு நினைவகம், எத்தனை செயலிகள் தேவை எனக் கூறுவது ‘பணி வரையறை’. வேலை நடைபெறும் கணிப்பொறிகளின் கூட்டம் ‘கணிப்புச் சூழல்’. பணிகள் காத்து நிற்கும் இடமே ‘பணிவரிசை’.

ஒரு மருத்துவமனையைக் கற்பனை செய்வோம். அங்கே இருவகை வேலைகள். அவசர நோயாளியின் எக்ஸ்ரே படத்தை உடனே ஆராய்வது ஒன்று. ஆராய்ச்சிக்காகப் பழைய படங்கள் 5,000-ஐ ஆராய்வது மற்றொன்று. ஒரே வரிசை வைத்தால், 5,000 படங்களுக்கும் பின்னால் அவசர நோயாளியின் படம் நிற்க நேரிடும். எனவே ‘அவசரம்’, ‘ஆராய்ச்சி’ என இரு வரிசைகள் தேவை.

நிரலில் எழுத வேண்டியவை

பைத்தான் போன்ற மொழியில் ‘கிரியேட் ஜாப் க்யூ’ என்னும் கட்டளையால் வரிசையை உருவாக்கலாம். அதில் நாம் தர வேண்டியவை இவை:

1. பெயர்: வரிசையின் நோக்கம் விளங்கும்படி வைப்பது நலம்.

2. நிலை: திறந்துள்ளதா, மூடியுள்ளதா என்பது. மூடிய வரிசை புதிய பணிகளை ஏற்காது.

3. முன்னுரிமை எண்: பெரிய எண்ணுக்கே முதலிடம். அவசரத்திற்கு 10, ஆராய்ச்சிக்கு 1 என்று கொடுத்தால், இரண்டும் ஒரே சூழலைப் பகிரும்போது அவசரப் பணி முதலில் கவனிக்கப்படும்.

4. கணிப்புச் சூழல்கள்: ஒரு வரிசைக்கு மூன்று சூழல்கள் வரை இணைக்கலாம். முதலாவதில் இடமில்லையெனில் அடுத்ததில் பணி இடம் தேடும்.

சூழலை முதலில் உருவாக்கி, அது ஆயத்தமான பின்னரே வரிசையை அதனுடன் இணைக்க இயலும். நீக்கும்போது முறை தலைகீழ்: வரிசையை மூடி, பிறகு அதை நீக்கி, கடைசியில் சூழலை நீக்க வேண்டும்.

திரையில் பொத்தான்களை அழுத்தியும் இவற்றைச் செய்யலாமே என்று கேட்கலாம். செய்யலாம், ஆனால் ஆறு மாதம் கழித்து, 10 என்ற எண்ணை யார், ஏன் கொடுத்தார் என்பது எவருக்கும் நினைவிராது. நிரலாக எழுதினால் அதுவே சாட்சியாக நிற்கும். பிறர் படித்துத் திருத்தலாம். வேறோர் ஊரிலும் அதே அமைப்பை மீண்டும் எழுப்பலாம்.

கவனிக்க வேண்டியவை

முன்னுரிமை என்பது அடுத்து யார் நுழைவது என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் ஆராய்ச்சிப் பணியை அது பிடித்து வெளியே தள்ளுவதில்லை. எல்லாக் கணிப்பொறிகளும் ஆராய்ச்சியில் மூழ்கியிருந்தால், 10 என்ற எண் பெற்ற பணியும் காத்தே நிற்கும். எனவே அவசரத்திற்கெனச் சிறியதொரு தனிச் சூழலை ஒதுக்கி அதை முதலாவதாகவும், பொதுச் சூழலை இரண்டாவதாகவும் இணைப்பதே அறிவுடைமை.

மறுபுறம், அவசரப் பணிகள் ஓயாது வந்தால் பொதுச் சூழலில் ஆராய்ச்சியின் முறை வரவே வராது. ஒரே வரிசையைப் பலர் பகிரும்போதும் இத்தொல்லை நேரும். ஒருவர் ஆயிரம் பணிகளைக் கொட்டிவிட்டால் மற்றவர் தவிப்பர். இதற்கென 2021-இல் ‘நியாயப் பங்கீடு’ என்னும் முறை சேர்க்கப்பட்டது. அம்முறையில் ஒவ்வொருவருக்கும் உரிய பங்கைப் பார்த்துப் பணிகள் எடுக்கப்படுகின்றன.

மூன்றாவதாக, செலவு. இச்சேவைக்குத் தனிக் கட்டணம் இல்லை, கணிப்பொறிகளுக்கே வாடகை. சூழலின் குறைந்தபட்சச் செயலி எண்ணைச் சுழியமாக வைத்தால், பணி இல்லாதபோது கணிப்பொறிகள் தாமே நிறுத்தப்படும். மறந்தால், விளக்கை அணைக்காது வீட்டைப் பூட்டிச் சென்ற கதைதான்.

முடிவுரை

திராட்சைத் தோட்டத்து வேலையாள் உவமையை நாம் அறிவோம். கடைசி மணி நேரத்தில் வந்தவனையும் வீட்டுத் தலைவர் மறக்கவில்லை. கணிப்பொறி வரிசையிலும் ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னால் ஒரு மனிதர் காத்திருக்கிறார். நாளை நம்மில் சிலர் இத்தகைய விதிகளை எழுதும் பணியில் அமர்வோம். அன்று, யார் முதலில் என்று கேட்பதுடன் நின்றுவிடாமல், யார் இன்னும் நிற்கிறார் என்றும் கேட்கப் பழகுவோம்.

பயிற்சி வினாக்கள்

1. அவசரத்திற்கு 1, ஆராய்ச்சிக்கு 10 எனத் தவறாக எழுதினால் என்ன நிகழும்?

2. நம் பள்ளி நூலகத்தில் ஒரே கணிப்பொறியைப் பல வகுப்புகள் பகிர வேண்டுமெனில், எத்தனை வரிசைகள் வைக்கலாம்? காரணம் கூறுக.