தண்டு எங்கே போயிற்று?

கேள்வி: நான் பாரிஸில் வசிக்கிறேன். ஏலத்தில் பழைய தோடுகள் வாங்கிச் சேர்க்கும் ஆசை பிடித்துக்கொண்டது. குறிப்பாக, வான் கிளீஃப் அண்ட் ஆர்ப்பெல் நகைமாளிகை 1950, 60-களில் செய்தவை. அண்மையில் ஒரு ஜோடியைப் படமெடுத்துப் புதுச்சேரியில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பினேன். "பின்னால் தண்டும் இல்லை, திருகாணியும் இல்லை, வெறும் கிளிப். கவரிங்டி இது, ஏமாந்துட்டே" என்கிறார். நான் பார்த்தவரை அந்தக் காலத்து ஜோடிகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன. அவ்வளவு தங்கம் போட்டுச் செய்தவர்கள் ஏன் கிளிப் வைத்தார்கள்? தண்டு வைத்து மாற்றிக்கொண்டால் தவறா?
– வாசகி, பாரிஸ்

பதில்: அம்மாவின் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. நம் ஊரில் கிளிப் தோடு என்றால் பள்ளி ஆண்டுவிழா நடனத்துக்கு வாடகைக்கு எடுக்கும் செட்டோடு வருவது. தங்கத்தில் தோடு செய்யும் பத்தர் யாரும் கிளிப் வைப்பதில்லை. வைக்கச் சொல்லிக் கேட்பவரும் இல்லை. போதாக்குறைக்கு நிறம் வேறு. நாம் பார்த்துப் பழகிய 916 நகை, அதாவது ஆயிரத்தில் 916 பங்கு தங்கம் உள்ள 22 காரட், நல்ல ஆழ்ந்த மஞ்சள். பிரெஞ்சு மாளிகைகள் கையாள்வது 750, அதாவது 18 காரட். கலப்பு கூடுதல் என்பதால் சற்று வெளிறித் தெரியும். கைபேசித் திரையில் பார்த்தவருக்குக் கவரிங் என்று பட்டதில் வியப்பில்லை.

ஆனால் அந்த வெளிறலுக்கும் கிளிப்புக்கும் உறவு உண்டு. கிளிப் காதைக் கவ்வ வேண்டுமானால் அதன் கம்பிக்கு விறைப்பு வேண்டும். விட்டால் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். 22 காரட் மென்மையானது, வளைத்தால் வளைந்தபடியே நின்றுவிடும். 18 காரட் அப்படியல்ல. நீங்கள் அதிகம் பார்த்திருக்கக்கூடிய வகை, ஒமேகா என்ற கிரேக்க எழுத்தைப் போல வளைந்த கம்பியாக இருக்கும். அடியில் ஒரு கீல், கீலில் இறுக்கம். மடக்கினால் காது மடலின் பின்பக்கம் வந்து அழுத்தும்.

உங்கள் ஜோடியைக் கையில் வாங்கிப் பார்க்காமல் அசல் என்று நான் சொல்ல முடியாது. கிளிப் இருப்பதாலேயே போலி என்பது மட்டும் தவறு. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப், அதாவது நகைக்காரர் கண்ணில் வைத்துப் பார்க்கும் சிறு உருப்பெருக்கி, ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கம்பியின் ஓரத்திலோ தோட்டின் பின்விளிம்பிலோ கடுகளவில் ஒரு கழுகுத் தலை தெரிகிறதா என்று தேடுங்கள். 18 காரட் தங்கத்துக்கு 1838 முதல் பிரெஞ்சு அரசு அடித்துவரும் முத்திரை அது. பிளாட்டினமாக இருந்தால் 1912 முதல் நாய்த் தலை. பக்கத்திலேயே சாய்சதுரக் கட்டத்துக்குள் சில எழுத்துகளும் ஒரு சின்னமும் இருக்கலாம். அது செய்த பட்டறையின் அடையாளம். விற்ற மாளிகையின் பெயரும் செய்த பட்டறையின் முத்திரையும் வேறு வேறாக இருந்தால் கலங்க வேண்டாம். பாரிஸில் நகைமாளிகைகள் கூடியிருக்கும் பிளாஸ் வாந்தோம் சதுக்கத்துக் கடைகள் பலவும் வெளிப் பட்டறைகளிடம் வேலை கொடுத்து வாங்கியவைதாம். ஜார்ஜ் லான்ஃபான் என்ற ஒரே பட்டறை ஒன்றுக்கு மேற்பட்ட மாளிகைகளுக்குச் செய்து கொடுத்திருக்கிறது. கழுகு இல்லாவிட்டாலும் உடனே மனம் தளர வேண்டியதில்லை. ஆர்ப்பெல் குடும்பத்தினர் 1939 உலகக் கண்காட்சியை ஒட்டி நியூயார்க்கிலும் கால் ஊன்றினார்கள். அங்கே செய்து விற்ற நகையில் பிரெஞ்சு முத்திரையை எதிர்பார்க்க முடியாது.

இனி 'ஏன்' என்ற கேள்வி. ஏலக்கூடங்களில் இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கும்: தோடு கனம், தண்டு வைத்தால் துளை கிழிந்துவிடும், அதனால்தான் கிளிப். கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. அந்தக் காலத்துப் பெரிய ஜோடிகள் 20 கிராமைத் தாண்டுவது சாதாரணம், நம் கணக்கில் இரண்டரைச் சவரன். ஆனால் இந்தப் பதிலைத் திருநெல்வேலிப் பக்கத்துப் பாட்டிகளிடம் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். பாம்படமும் தண்டட்டியும் போட்ட காதுகளுக்குக் கனம் ஒரு தடையாக இருந்ததில்லை. துளையை வளர்த்தே நகையைத் தாங்கினார்கள். இன்னொன்றும் உண்டு. கனம்தான் காரணம் என்றால், அதே காலத்து ஒற்றை முத்துத் தோட்டில் தண்டு இருந்திருக்க வேண்டுமே? கிராமுக்கும் இரண்டு கிராமுக்கும் செய்த அந்தப் பொடித் தோடுகளிலும் பெரும்பாலும் திருகோ கிளிப்போதான். ஆகவே கனம் துணைக்காரணம், அவ்வளவுதான்.

உண்மையான காரணம் நகையில் இல்லை, காதில் இருந்தது. வாங்க வந்த பெண்களில் பெரும்பாலோருக்குக் காதில் துளையே இல்லை.

நமக்கு இது நம்பச் சிரமமான செய்தி. மொட்டையடித்துத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்திவிடுகிற ஊரிலிருந்து பார்க்கிறோம். ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் குத்திக்கொண்டுதான் இருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்து, அமெரிக்கா போன்ற இடங்களின் வசதியுள்ள குடும்பங்களுக்கு அது நாகரிகக் குறைவாகப் படத் தொடங்கியது. உடம்பில் துளை போட்டு நகை மாட்டுவது கிராமத்தார் வழக்கம், குடியேறிகள் வழக்கம் என்று முகம் சுளித்தார்கள். இத்தாலியிலும் ஸ்பெயினிலும் பெண் குழந்தைகளுக்குக் குத்துவது நிற்கவில்லை. என்றாலும் பாரிஸ் நகைமாளிகைகளின் படியேறிய அமெரிக்கச் சீமாட்டிகளுக்கும் அவர்களைப் பார்த்து உடுத்தியவர்களுக்கும் துளையில்லாத காதே மரியாதை.

முகம் சுளித்தார்களே தவிர நகையை விட்டுவிடவில்லை. துளை வேண்டாம், தோடு வேண்டும் என்றால் என்ன செய்வது? 1900-ஐ ஒட்டி வந்தது திருகுப் பிடி. நம் திருகாணியோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நம்முடையது துளை வழியே வந்த தண்டின் மரையில் ஏறுவது. அவர்களுடையது பின்னாலிருந்து ஒரு சிறு தட்டை முன்னேற்றிக் காது மடலை நசுக்கிப் பிடிப்பது. இறுக்கினால் வலி, தளர்த்தினால் நகை தரையில். 1920-களில் முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்ளும் மோகம் வந்து காது வெளியே தெரிய, தோட்டுக்குக் கிராக்கி ஏறியது. 1930-களில் கீல் வைத்த கிளிப் பரவியது. ஒரு விரலால் திறந்து ஒரு விரலால் மூடிவிடலாம்.

இங்கேதான் எனக்குப் பிடித்த பகுதி வருகிறது. தண்டு வைத்த தோட்டில் துளைதான் எஜமான். நகை எங்கே உட்கார வேண்டும், எங்கிருந்து தொங்க வேண்டும் என்பதை அந்த ஒரு புள்ளி முடிவு செய்துவிடும். கிளிப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மடல் முழுவதையும் மூடலாம். காதின் விளிம்போடு மேல்நோக்கி ஏறலாம். கன்னத்தை நோக்கிச் சாயலாம். வடிவமைப்பவர்கள் இதை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் காலத்து இலை, இறகு, பூ ஜோடிகளைப் பாருங்கள். நல்ல ஜோடியாக இருந்தால் இடதும் வலதும் ஒன்றுபோல இருக்காது, கண்ணாடிப் பிம்பமாக எதிரெதிரே வளைந்திருக்கும். வான் கிளீஃப் மாளிகையின் பனித்துகள் வடிவ வைரத் தோடுகளும், 1970-களில் பவளத்தில் இதழ் செதுக்கிச் செய்த ரோஸ் து நொயெல் பூக்களும் மடலின் மேல் அப்படியே மலர்ந்து உட்காருவது கிளிப் தந்த சுதந்திரம். வேறு வழியில்லாமல் வைத்த பிடி ஒரு புது வடிவத்துக்கே வழிவிட்டது என்பது என் கட்சி. கிளிப்பைக் குறையாக நினைத்து அந்தத் தோடுகளைப் பார்ப்பவர் பாதியைத்தான் பார்க்கிறார்.

சுதந்திரத்துக்கு ஒரு விலையும் இருந்தது. பழைய ஹாலிவுட் படங்களில் தொலைபேசி மணி அடித்ததும் நாயகி ஒரு காதுத் தோட்டைக் கழற்றிவிட்டு ரிசீவரை எடுப்பாளே, அது நடிப்புக்காகச் சேர்த்த ஒயில் இல்லை. பெரிய கிளிப்பை வைத்துக்கொண்டு ரிசீவரைக் காதில் வைக்க முடியாது. அப்படி மேசையில் வைத்தது அங்கேயே தங்கிவிடும், அல்லது கோட்டைக் கழற்றும்போது தெறித்துவிடும். ஒற்றைத் தோடுகள் அதனால் ஏராளம். தொலைந்ததற்கு இணையாகப் பிற்காலத்தில் வேறு பட்டறையில் ஒன்று செய்து ஜோடி சேர்த்திருப்பார்கள். ஏமாற்றும் நோக்கம் இருக்க வேண்டியதில்லை, ஆனால் சேகரிப்பவருக்கு அது அரை ஜோடிதான். இரண்டையும் தனித்தனியே எடை போடுங்கள். பின்னால் பொறித்திருக்கும் மாளிகையின் கையொப்பமும் வரிசை எண்ணும் ஒரே கையால் வெட்டியவையா, கீலின் தேய்மானம் இரண்டிலும் ஒரே அளவா என்று பாருங்கள். ஒன்று தேய்ந்து ஒன்று புதுக்கருக்கு மாறாமல் இருந்தால் விற்பவரிடம் கேள்வி கேளுங்கள்.

1960-களில் இளம் பெண்கள் மறுபடி காது குத்திக்கொள்ள ஆரம்பித்தார்கள். அடுத்த பத்தாண்டில் அது எல்லா வீடுகளுக்கும் வந்துவிட்டது. தாயின் கிளிப் தோட்டை வாங்கிக்கொண்ட மகள் அதில் தண்டு பற்றவைத்தாள். சந்தையில் தண்டும் கிளிப்பும் சேர்ந்தே உள்ள பழைய ஜோடிகள் சிலவற்றின் கதை இதுதான். பிற்காலத்தில் மாளிகைகளே இரண்டையும் வைத்துச் செய்தன என்பதால், தண்டு இருந்தாலே குற்றம் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. வித்தியாசம் லூப்பில் தெரியும். பின்னால் வைத்த தண்டின் அடியில் பற்றவைத்த இடம் வேறு நிறத்தில் இருக்கும், சுற்றியுள்ள பரப்பு மட்டும் புதிதாக மெருகேறியிருக்கும், சில சமயம் முத்திரையின் மேலேயே தண்டு நின்றுகொண்டிருக்கும்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு என் பதில்: வேண்டாம். உங்கள் காதில் துளை இருப்பது கிளிப்புக்கு இடைஞ்சல் இல்லை, தோடு அதை மறைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். தண்டு வைத்தால் சேகரிப்பாளர்கள் மத்தியில் மதிப்பு குறையும் என்பது ஒரு பக்கம். பற்றவைக்கும் சூடு பவளத்தையும் முத்தையும் டர்க்காய்ஸ் என்ற நீலப்பச்சைக் கல்லையும் எனாமலையும் கெடுத்துவிடும் என்பது அதைவிடப் பெரிய ஆபத்து. இந்த மாளிகை 1933-இல் காப்புரிமை பெற்ற மர்மப் பதிப்பு வகையாக இருந்தால் பேச்சே இல்லை. கல்லின் அடியில் காடி வெட்டி, மெல்லிய தங்கத் தண்டவாளத்தில் ஒவ்வொன்றாகச் செருகி, பிடி எதுவும் வெளியே தெரியாமல் பதிக்கும் முறை அது. பழக்கமில்லாத கை அதில் படவே கூடாது. தண்டு இல்லாமல் முடியவே முடியாது என்றால் நகையை மாளிகையிடமே கொண்டுபோய்க் கேளுங்கள். அவர்கள் கையால் நடந்த மாற்றத்துக்கு ரசீதாவது மிஞ்சும்.

கிளிப் வலிக்கிறது என்பதுதான் சிக்கல் என்றால், கம்பியை நீங்களே இடுக்கியால் வளைக்க வேண்டாம். வளைத்து வளைத்து நிமிர்த்தினால் 18 காரட்டும் ஒருநாள் முறியும். கீலின் இறுக்கத்தைச் சரிசெய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள், சிறிய வேலைதான். அதுவரை கம்பியில் மாட்டிக்கொள்ளச் சின்ன சிலிகான் உறைகள் கிடைக்கின்றன. மாலை முடிந்ததும் கழற்றித் தனியாக வையுங்கள்.